முற்றமற்ற வீட்டில் ஒரு பட்டாணித் தட்டு

யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளில் முளைப்பாலிகை இடும் சடங்கைக் கண்டோர் பலர்; அச்சட்டிகளில் எழும் பயிரை உற்று நோக்கினோர் சிலரே. சுமங்கலிப் பெண்கள் ஊறவைத்த நவதானியத்தை மண் நிரப்பிய சட்டிகளில் இட்டுப் பாலும் நீரும் தெளிப்பர். கோயிற்றிருவிழாவின் தொடக்கத்தில் நிகழும் அங்குரார்ப்பணமும் இதனைப் போன்றதே. சட்டிகள் நிழலில் வைக்கப்படுவதால் அவற்றில் எழும் முளைகள் வெளிறிய மஞ்சள் நிறத்துடன் நெடுநெடுவென வளரும். சடங்கு முடிந்ததும் அவை நீரில் விடப்படும், உண்ணப்படுவதில்லை. நெல்லும் பயறும் உழுந்தும் எள்ளும் கொள்ளும் இடம்பெறும் அந்த ஒன்பதினுள் பட்டாணிக்கு இடமில்லை. குளிரை விரும்பும் அப்பயிர் நம்மவரின் சடங்கிற்குள் நுழையாது கடலை வண்டியோடு நின்றுவிட்டது.

அத்தகைய பட்டாணியைக் கொழும்பு வெள்ளவத்தையில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாந் தளத்தில் முளைக்கவைக்க முற்பட்டார் ஓர் அம்மையார். வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த அவர், பெண்கள் பாடசாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். கிணறும், முருங்கை வேலியும், செம்மண் தோட்டமும் கொண்ட வீட்டிலே வாழ்ந்தவர். கணவர் காலமான பின், 2021இல், மகளின் வற்புறுத்தலாற் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். மகளும் மருமகனும் வேலைக்குச் செல்வர். ஒன்பது வயதுப் பேரன் பாடசாலைக்குச் செல்வான். பகல் முழுவதும் அம்மையாருக்கு எஞ்சியவை ஒரு யன்னலும் அதனூடாகத் தெரிந்த அடுத்த கட்டடத்தின் சுவருமே. கடலுக்கு இருநூறு யார் தொலைவில் இருந்தும் அந்த யன்னலினூடாகக் கடல் தெரிவதில்லை.

2022ஆம் ஆண்டு நாடு பட்ட பாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. முந்திய ஆண்டு இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் விளைவு விளைச்சலிலே தெரிந்தது. அந்நியச் செலாவணி வற்றியதன் விளைவு எரிவாயுவிலும் எரிபொருளிலும் தெரிந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அரச ஊழியர் வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்ட ஆண்டும் அதுவே. தோட்டஞ் செய்ய மண் வேண்டுமென்பது அவ்வறிவிப்பை ஆக்கியோருக்குத் தோன்றியதோ இல்லையோ, மூன்றாந் தளத்தில் வாழ்ந்தோருக்கு உடனே தோன்றிற்று. கீரைக்கட்டின் விலையை மகள் சொல்லக் கேட்ட அன்றுதான் அம்மையார் அரை இறாத்தல் பட்டாணி வாங்கிவருமாறு பேரனின் தந்தையிடம் கூறினார்.

முதன்முறை வந்தது உடைத்த பருப்பு. முளையம் சிதைந்த பருப்பு முளைக்காதென்பதை விளக்கிய பின் முழுப் பட்டாணி வந்தது. அதனை இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் இரண்டு விரற்கடை உயரத்திற்கு நிரப்பி, இறுக மூடி அடுப்படியில் வைத்தார். ஆசிரியத் தொழிலில் தேர்ந்தவர் செய்யத்தக்க செயலன்று இது. முளைக்கும் வித்து மூச்சுவிடும். அதற்கு ஒட்சிசன் வேண்டும். சுவாசத்தால் வெப்பம் பிறக்கும். கொழும்பின் வைகாசி வெப்பத்தில், குவியலாகக் கிடந்த வித்துக்கள் ஒன்றையொன்று வேகவைத்தன எனலாம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது எழுந்த நாற்றம் கூடத்தை நிறைத்தது. வேலையிலிருந்து திரும்பிய மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னர் விரைந்து சென்று பெட்டியைத் தூக்கிக் குப்பைத்தொட்டியினுள் எறிந்தாள். “இந்த மணத்தோட இந்த வீட்டில என்னால இருக்கேலாது, அம்மா” என்றாள். அழுகிய பட்டாணிக்காக ஒரு பெண் அவ்வளவு நடுங்குவாளென்று அம்மையார் எதிர்பார்த்திருக்கவில்லை.

அந்நடுக்கத்தின் வேர் 1995இல் இருந்தது. அவ்வாண்டு ஐப்பசியில், 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். நாவற்குழிப் பாலத்தை அடைய அம்மையாரின் குடும்பத்திற்கு மழையிலே பல மணிநேரம் பிடித்தது. கையிலே கொண்டுவந்தவற்றுள் ஒரு சிறு சாக்குப் பயறும் இருந்தது. பாடசாலை வகுப்பறை ஒன்றை ஏழு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், மழைக்காலமாதலால் விறகுக்கும் பஞ்சம். அம்மையார் நாள்தோறும் இரு சுண்டு பயற்றை ஊறவைத்து, ஈரச்சாக்கிற் கட்டித் தொங்கவிட்டு, வால்விட்ட பயற்றை அவ்வகுப்பறையின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிடியாக வழங்கினார். சிறிது உப்பு, கிடைத்த நாளிலே தேங்காய்ப்பூ. அன்று அம்மகளுக்கும் வயது ஒன்பது. அடுத்த ஆண்டின் சித்திரையில் ஊர் திரும்பும்வரை இது நிகழ்ந்தது. ஒரு பிள்ளைக்கேனும் பல்லீறு வீங்கவில்லை என்பது அம்மையாரின் வாழ்நாட் பெருமைகளுள் ஒன்றாக இருந்துவந்தது.

அப்பெருமைக்கு ஆதாரமாக வகுப்பறையில் அவர் வழக்கமாகக் கூறிவந்த வரலாறு ஒன்றுண்டு. உலர்ந்த பருப்பு வகையில் விற்றமின் சீ இல்லை என்றே சொல்லலாம். நீரில் ஊறி முளைவிட்ட பின்னரே அது தோன்றுகின்றது. 1912இல் நோர்வேயில் ஃபியூர்ஸ்ற் என்பார், உலர்ந்த வித்துக்கள் முளைத்ததும் ஸ்கேவி நோயைத் தடுக்கும் ஆற்றலைப் பெறுவதை விலங்குகளைக் கொண்டு கண்டறிந்தார். அவ்வறிவு பரவுமுன் முதலாம் உலகப்போர் மூண்டது. 1915 டிசெம்பரிலிருந்து 1916 ஏப்பிரல்வரை மெசொப்பொத்தேமியாவில் குத் அல் அமாரா நகரினுள் முற்றுகையிடப்பட்ட பிரித்தானிய இந்தியப் படையினுள், குதிரையிறைச்சியை உண்ண மறுத்த இந்தியச் சிப்பாய்கள் பெருந்தொகையினர் ஸ்கேவியால் வீழ்ந்தனர். குதிரையிறைச்சியை உண்ட வெள்ளையரை அந்நோய் அத்துணை வருத்தவில்லை. தவிடு நீங்கிய மாவை உண்டமையால் அவர்களைப் பெரிபெரி வருத்தியது. மதமும் பழக்கமும் உணவுத்தட்டினூடாக நோயைப் பகிர்ந்தளித்த விதத்திற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. போரின் இறுதியில், சேர்பியச் சிப்பாய்களுக்குச் சிகிச்சையளித்த ஆங்கில மருத்துவர் ஒருவர், எலுமிச்சஞ்சாறு பெற்றோரைவிட முளைத்த அவரை பெற்றோர் விரைவிற் குணமடைந்ததாக 1918இல் எழுதினார். இலண்டன் லிஸ்ரர் நிறுவனத்தில் ஹரியற் சிக் அம்மையாரும் அவர்தம் துணைவரும் நிகழ்த்திய ஆய்வுகள் அதனை மேலும் உறுதிப்படுத்தின.

எறியப்பட்ட பெட்டியைப் பற்றித் தாயும் மகளும் பின்னர்ப் பேசிக்கொள்ளவில்லை. அம்மையார் விட்டுவிடவுமில்லை. இம்முறை பாடநூலை எழுதியவர் போலத் தொடங்கினார். இருபது வித்துக்களை ஈரத்துணியிற் சுற்றிவைத்து முளைதிறனைப் பார்த்தார். முதற்கடைப் பட்டாணியில் ஆறு மாத்திரமே முளைத்தன, மற்றக் கடையினதிற் பதினேழு. விதைக்கடையில் இளஞ்சிவப்புச் சாயமேற்றி விற்கப்படும் விதையை அவர் தொடவேயில்லை. அது பங்கசுகொல்லி பூசப்பட்டது. நிலத்தில் நடத்தக்கதேயன்றித் தட்டில் வளர்த்து உண்ணத்தக்கதன்று. வித்தைப்போல் மும்மடங்கு நீரில் எட்டு மணிநேரம் ஊறவைத்தார். ஊறிய பட்டாணி ஏறத்தாழ இருமடங்கு நிறையாயிற்று. அடியிலே துளையிட்ட ஆழமற்ற தட்டில் மூன்று விரற்கடைக்குத் தும்புத்தூளைப் பரப்பி, நன்கு நனைத்து, வித்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு ஒரே படையாக நெருக்கமாக இட்டார். இன்னொரு தட்டால் மூடி, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தார். பாரத்தைத் தாங்கி எழும் முளை தடிப்பாகவும் வேர் ஆழமாகவும் அமையுமென்பது வளர்ப்போர் அனுபவம்.

வெப்பமே பெரிய இடையூறு. பட்டாணி பதினெட்டுப் பாகை செல்சியசிலிருந்து இருபத்து நான்கு வரையில் நன்கு வளரும். நுவரெலியாவில் அது வெளிநிலத்திலேயே விளைகின்றது. வெள்ளவத்தையில் அடுப்படி முப்பதைத் தாண்டும். ஆகவே தட்டைக் குளியலறைக்கு அருகில், சீமெந்துத் தரையிலே, ஈரச்சாக்கின்மீது வைத்தார். அவ்விடத்திற்கு மேலே கொளுக்கியில் ஒரு வாழைக்குலை பழுத்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது நாற்றமில்லை. ஆயின் முளைகள் விசித்திரமாயிருந்தன. நிமிர்ந்து எழவேண்டிய தண்டுகள் குட்டையாகி, பருத்து, பக்கவாட்டிற் படுத்துக் கிடந்தன.

வேறொருவராயின் வித்தைக் குறைகூறியிருப்பர். அம்மையாருக்குச் சென் பீற்றர்ஸ்பேர்க் நினைவுக்கு வந்தது. அந்நகரத்து ஆய்வுகூடத்தில் இருளில் வளர்த்த பட்டாணி முளைகள் கிடையாக வளர்வதைக் கண்ட நெல்யுபோவ் என்ற மாணவர், வெளிக்காற்றிலே வைத்ததும் அவை நிமிர்வதைக் கண்டார். விளக்கெரிக்கும் வாயுவிற் கலந்திருந்த எதிலீனே காரணமென்று 1901இல் வெளியிட்டார். குட்டையாதல், பருத்தல், கிடையாதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அம்முளைகளின் எதிர்விளைவு. பழுக்கும் கனிகளும் அவ்வாயுவை வெளிவிடுகின்றன என்பது பிற்காலத்திலே நிறுவப்பட்டது. உயர்தர வகுப்பிலே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியதைக் கண்ணாற் கண்டது எழுபத்தோராம் வயதிற்றான் என்று அம்மையார் பேரனிடம் கூறினார். வாழைக்குலை சமையலறையின் மறுபுறத்திற்குச் சென்றது.

மூன்றாந் தட்டு, ஆவணியில், பழுதின்றி எழுந்தது. மூன்று நாள் இருளிலிருந்து எடுத்தபோது முளைகள் கொக்கிபோல் தலைகுனிந்து, மஞ்சளாய், முளைப்பாலிகைப் பயிரை ஒத்திருந்தன. யன்னலோரத்தில் வைத்த மறுநாளே பசுமை ஏறிற்று. ஒளி ஒருபுறமிருந்தே வந்ததால் தட்டு முழுவதும் அடுத்த கட்டடத்தின் சுவரை நோக்கிச் சாய்ந்தது. “அம்மம்மா, தட்டைத் திருப்பிவிட்டால் இதுகளும் திரும்புமோ?” என்று பேரன் வினவினான். திருப்பிப் பார்க்குமாறு சொன்னார். மாலைக்குள் அவை திரும்பின. டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் இவ்வொளித்திருப்பத்தை ஆராய்ந்து 1880இல் நூலொன்று வெளியிட்டதைப் பேரனுக்குச் சொல்லவில்லை. அவன் தட்டை மறுபடியும் திருப்புவதிலே ஈடுபட்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள், ஒரு சாண் உயரத்தில், முதலாவது இலைக்கு மேலாகக் கத்தரித்தார். அங்ஙனம் வெட்டுவதற்குக் காரணமுண்டு. பயறு முளைக்கும்போது வித்திலைகள் தரைக்குமேல் உயர்த்தப்படுகின்றன. அவற்றுக்குக் கீழே வெட்டினால் அச்செடி முடிந்தது. பட்டாணியின் வித்திலைகள் தரைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. உணவும் கீழே, கக்கவரும்புகளும் கீழே. நுனியை இழந்ததும் அதுவரை அடங்கியிருந்த அரும்புகள் விழித்தெழும். இரண்டாம் அறுவடை முதலாவதைவிட மெலிந்ததாயிருப்பினும் நிச்சயமாக வரும்.

அறுத்த தளிரைத் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் சேர்த்து இரண்டு நிமிடம் வறையாக்கினார். பச்சையாக உண்பதை அவர் ஒப்பவில்லை. 2011இல் யேர்மனியில் வெந்தய முளைகளாற் பரவிய பற்றீரியத் தொற்றால் ஏறத்தாழ நாலாயிரவர் நோயுற்று ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். முளையை வளர்க்கும் ஈரமும் சூடும் பற்றீரியாவையும் வளர்க்கும். வேரோடு உண்ணும் முளையைவிடத் தரைக்குமேல் வெட்டும் தளிரில் ஆபத்துக் குறைவெனினும் அடுப்பைக் காட்டுவதே நன்று. மருமகனும் பேரனும் வறையை உண்டனர். மகள் அகப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றிரவு மின்வெட்டு வேளையில், மெழுகுதிரியின் முன், அம்மையார் பழைய கணக்கொன்றைப் போடலானார். நூறு கிராம் முளைப்பயற்றில் விற்றமின் சீ ஏறத்தாழ 13 மில்லிகிராம். 1944இல் தொடங்கி இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், போரிற் சேர மறுத்த தொண்டர்கள்மீது நடத்தப்பட்ட நீண்ட பரிசோதனையில், ஸ்கேவியைத் தடுக்க நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் போதுமெனக் காணப்பட்டது. பிள்ளையின் கையில் வைத்த ஒரு பிடி முப்பது கிராம் இருக்கலாம். முப்பது கிராமில் நான்கு மில்லிகிராம். அதாவது பாதியும் இல்லை. இருபத்தேழு ஆண்டுகளாக இக்கணக்கைப் போட்டுப் பாராதது ஆசிரியைக்கு அழகன்று. அவ்வகுப்பறையின் பின்புறத்து வேலியில் முருங்கை நின்றது. பிள்ளைகள் அதன் இலைக்கஞ்சியை எந்நாளும் குடித்தனர். முருங்கையிலையில் இச்சத்துப் பன்மடங்கு. காய்ச்சியதிற் பெரும்பகுதி அழிந்திருப்பினும் எஞ்சியது பயற்றினும் மிகையாகவே இருந்திருக்கும். பெருமைக்குரியது வேலியேயன்றிச் சாக்கன்று.

இதனை அவர் மகளிடம் மறைக்கவில்லை. எதிரே இருந்த மகள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், அக்காலத்தில் தன் சட்டையிலும் புத்தகங்களிலும் அந்த மணம் ஏறியிருந்ததையும், தென்மராட்சிப் பிள்ளைகள் அருகில் அமர மறுத்ததையும், அதனைத் தாயிடம் ஒருநாளும் சொல்லாததையும் சொன்னாள். “சத்து இருந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. எனக்கு அந்த மணந்தான் ஞாபகம்.” நாற்றமெடுக்காத முளையும் உண்டென்பதை அம்மையார் அவ்வேளை எடுத்துக்கூறவில்லை. கூறாதது நன்று. ஒரு பிடி பயறு பெறுவதற்கு வரிசையில் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, காற்றோட்டத்தைப் பற்றிய விளக்கம் எவ்வகையிலும் பதிலாகாது.

புரட்டாதியிற் கணவரின் ஆண்டுத் திவசத்திற்காக அம்மையார் ஊருக்குச் சென்றார். செல்லும் நாளிற் காலை இன்னொரு தட்டை அறுத்து, அடியை யன்னலோரத்தில் வைத்து, நாளுக்கு இருமுறை நீர் தெளிக்குமாறு பேரனிடம் சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளையின் நினைவாற்றலை முப்பது ஆண்டு கற்பித்தவர் அறிவாராதலால், திரும்பும்போது காய்ந்த தும்புத்தூளையே காண்பதற்கு ஆயத்தமாயிருந்தார். ஊரிலே முருங்கை வேலி வாடகைக்கு இருந்தோரால் வெட்டப்பட்டிருந்தது. கிளையொன்றை மட்டும் எடுத்துச் சாக்கிற் சுற்றி இரவுப் பேருந்திற் கொண்டுவந்தார். அதனை நடுவதற்கு மூன்றாந் தளத்தில் எங்கும் இடமில்லை என்பது பேருந்து முறிகண்டியைத் தாண்டிய பின்னரே நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு நாளின் பின் அவர் வீட்டினுள் நுழைந்தது விடியற்காலை. பேரன் உறங்கிக்கொண்டிருந்தான். யன்னலோரத் தட்டில் ஒவ்வொரு அடியிலிருந்தும் ஒன்றும் இரண்டுமாய்ப் புதுத்தளிர்கள், மெல்லிய பற்றுக்கொடிகளுடன், அரைச்சாண் உயரத்திற்கு எழுந்திருந்தன. அவை எப்புறமும் சாயாது நேராக நின்றன. ஒளி ஒருபுறமிருந்தே வரும் அவ்வீட்டில் நாள்தோறும் எவரேனும் தட்டைத் திருப்பினாலன்றி அது நிகழாது. பேரன் ஒரு வாரத்தின் முன்னரே அதனை மறந்துவிட்டான் என்பது பின்னர் தெரிந்தது. தும்புத்தூள் ஈரமாயிருந்தது. அடுப்படியில் மகள் பாடசாலைக்கான சோற்றுப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். “முருங்கையை எங்கை நடப்போறியள், அம்மா?” என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.